தூக்குவது வேறு, தாங்குவது வேறு



விடியற்காலையில் கற்பிட்டி வீதியில் நிற்பவர்களுக்கு இந்தக் காட்சி பழகியிருக்கும். ஆலங்குடா, நுரைச்சோலை, ஏத்தாளைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வெங்காயமும் மிளகாயும் பீட்றூட்டும் ஏற்றிய பட்டா லொறிகளும் பழைய வான்களும் பாலாவிச் சந்தியை நோக்கி ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். அவற்றுள் அநேகமானவை பத்து, இருபது வருடங்கள் உழைத்துக் களைத்தவை. 2020 மார்ச்சில் நாட்டுக்குள் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. சாதாரண மக்கள் வாங்கும் வாகனங்களுக்கு 2025 தொடக்கத்தில்தான் மறுபடி அனுமதி கிடைத்தது. இடையிலிருந்த ஐந்து வருடங்களில் பழைய வாகனத்துக்கே பவுன் விலை. ஆகவே கையிலிருந்ததை ஒட்டித் தைத்து ஓட்டப் பழகிக்கொண்டோம். கராஜுக்குக் கொடுக்கும் கூலியை மிச்சம் பிடிக்க, எங்கள் இளைஞர்கள் வீட்டு முற்றத்திலேயே சில்லைக் கழற்றுகிறார்கள், பிரேக் மாற்றுகிறார்கள், அறுந்த சைலன்சரைக் கம்பியால் கட்டுகிறார்கள்.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து உடுத்த உடுப்போடு வந்து சேர்ந்த முஸ்லிம் குடும்பங்களும், போர்க்காலத்தில் வேறு ஊர்களிலிருந்து வந்து தங்கிய குடும்பங்களும் தங்கள் கைத்தொழிலால்தான் எழுந்து நின்றார்கள். வயலை விட்டு வந்தவருக்கு வாகனமே வயல். ஆனால் ஒரு குடும்பத்துக்கு ஓட்டுகிறவர் ஒருவர், வாகனம் ஒன்று. வாகனம் பழுதானால் கடன் வாங்கலாம். ஓட்டுகிறவர் அதன் கீழே நசுங்கினால் என்ன செய்வது? முற்றத்து வேலையில் இந்த ஆபத்து எந்த நேரமும் உண்டு. இதைத் தவிர்க்கக் காசு அதிகம் தேவையில்லை, இரண்டு பலகையும் நாலு கட்டையும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும்.

இங்கே நான் சொல்லவரும் விடயம் ஒன்றுதான். ஜக் தூக்குவதற்கு உரியது, தாங்குவதற்கு உரியதல்ல. ஜக் மட்டும் பிடித்திருக்கும் வாகனத்தின் கீழே தலை போகக் கூடாது, மார்பு போகக் கூடாது, கைகூடப் போகக் கூடாது. ஆஸ்திரேலியாவில் விற்கப்படும் வாகன ஜக்குகளில் இந்த எச்சரிக்கையை எழுதியே விற்கவேண்டும் என்று சட்டமே உண்டு. வசதியான நாடு, நல்ல சீமெந்துத் தரை. அங்கேயும் வீட்டில் வேலை செய்யப்போய் வாகனத்தின் கீழே அகப்பட்டு இறந்தவர்கள் இருப்பதால்தான் அந்தச் சட்டம் வந்தது. எங்கள் தரையோ மணல்.

எனக்கு இந்தப் பாடம் செமினரியில் கிடைக்கவில்லை. சில வருடங்களுக்கு முன் பங்கு வளவில் நின்ற வானின் சைலன்சர் தொங்கிப்போயிற்று. பிற்பகல் கூட்டத்துக்குப் போகவேண்டிய அவசரம். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு சீமெந்துக் கல்லின் மேல் ஜக்கை வைத்துத் தூக்கிவிட்டு, கீழே பாதி உடல் நுழைந்துவிட்டேன். முசலிப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஒரு பெரியவர் அந்த வழியால் போனவர், ஒரு வார்த்தையும் பேசாமல் என் இரண்டு காலையும் பிடித்து வெளியே இழுத்தார். எனக்குக் கோபம் வந்தது. அவருக்கு அதைவிடக் கோபம். "பாதர், இந்த மண்ணை நம்பிக் கீழ போறீங்களே, உங்களுக்கு ஆர் பூசை வைக்கிறது?" என்றார். ஊரில் ட்ரக்டர் ஓட்டியவர் அவர். நாங்கள் இருவரும் வாதாடிக்கொண்டு நிற்கையில், யாரும் தொடாமலே வான் மெல்லச் சாய்ந்தது. கல் இரண்டாகப் பிளந்திருந்தது. ஜக்கின் ஒரு பக்கம் மணலுக்குள் நாலு விரல் போயிருந்தது. அந்த இடத்தில் என் மார்பு இருந்திருக்கும். அன்றைய கூட்டத்துக்கு நான் போகவில்லை. பெரியவரோடு உட்கார்ந்து பிளேன்ரீ குடித்தேன். அவர் அன்று சொன்னவையும் பிற்பாடு தொழில் தெரிந்த பாஸ்மாரிடம் நான் கேட்டறிந்தவையும்தான் இந்தக் கட்டுரையில் உள்ளன.

ஜக் எப்படி வேலை செய்கிறது?

எங்கள் பக்கத்தில் அதிகம் பாவனையில் இருப்பவை இரண்டு. கார், வான்களோடு வரும் கத்தரிக்கோல் போன்ற திருகு ஜக் ஒன்று. லொறி, ட்ரக்டர்காரர் வைத்திருக்கும் போத்தல் வடிவ ஒயில் ஜக் மற்றது.

ஒயில் ஜக்கின் அடிப்படை, அடைபட்ட திரவத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவாகப் பரவும் என்பதாகும். இதை விளக்கியவர் 17ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த பிளேஸ் பஸ்கால். கணிதமும் அறிந்தவர், ஆழ்ந்த கத்தோலிக்க விசுவாசியும்கூட. 1795இல் இங்கிலாந்தில் ஜோசப் பிராமா என்பவர் இந்த விதியைக்கொண்டு பாரம் அழுத்தும் இயந்திரம் செய்து உரிமம் பெற்றார். எங்கள் போத்தல் ஜக் அதன் பேரப்பிள்ளை. கணக்கு இதுதான்: நீங்கள் அடிக்கும் சிறிய பம்பின் விட்டம் 1 சென்ரிமீற்றர், மேலே எழும்பும் தண்டின் விட்டம் 3 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பரப்பு ஒன்பது மடங்கு, ஆகவே தூக்கும் பலமும் ஒன்பது மடங்கு. அடிக்கும் பிடி நெம்புகோலாக இன்னும் பதினைந்து மடங்கு தருகிறது. நீங்கள் 15 கிலோ பாரத்தோடு பிடியை அமுக்கினால், உராய்வைக் கழிக்காமல் பார்த்தால், மேலே 2,000 கிலோவுக்குக் கிட்டத்தட்டப் பலம் வருகிறது. இதனால்தான் மெலிந்த பிள்ளையாலும் லொறியைத் தூக்க முடிகிறது.

ஆனால் அந்த இரண்டு தொன்னையும் மேலே வைத்திருப்பது எது? தண்டைச் சுற்றியுள்ள ஒரு றப்பர் வளையமும், ஒயில் திரும்பி ஓடாமல் அடைக்கும் ஒரு சிறு குண்டும், பக்கத்திலுள்ள ஒரு திருகும்தான். றப்பர் காய்ந்து வெடித்தால், குண்டுக்கும் அதன் இருக்கைக்கும் நடுவே ஒரு மணல் துகள் சிக்கினால், அல்லது விளையாடும் பிள்ளை அந்தத் திருகைத் தொட்டால், பாரம் கீழே வரும். மெல்லவும் வரலாம், ஒரேயடியாகவும் வரலாம். எங்கள் ஊரில் மணல் துகளுக்குப் பஞ்சமில்லை.

திருகு ஜக்கில் ஒயில் இல்லை, ஒழுகவும் மாட்டாது. அதன் பலவீனம் வேறு. அடி சிறியது, இடுப்பு மெல்லியது, உயர உயர ஆடும். பக்கவாட்டுத் தள்ளல் ஒன்று வந்தால் மடிந்துவிடும். உப்புக் காற்றில் திருகின் மரை தேய்ந்து துருப்பிடித்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். அது வீதியோரத்தில் சில்லு மாற்றுவதற்காக வாகனத்தோடு தரப்பட்டது. அதற்கு மேல் அதனிடம் வேலை கேட்பது நியாயமில்லை.

நகரத்துக் கராஜ்களில் சில்லு வைத்த தள்ளு ஜக் இருக்கும். சிலர் அதை இரவல் வாங்கி வருகிறார்கள். வாகனத்தின் ஒரு முனை உயரும்போது நேராக மேலே போவதில்லை. மறுமுனைச் சில்லைச் சுற்றி வளைந்து போகிறது. அந்த வளைவுக்கு ஏற்ப உருண்டு கொடுக்கத்தான் தள்ளு ஜக்குக்குச் சில்லு வைத்திருக்கிறார்கள். மணலில் அந்தச் சில்லு உருளாது, புதையும். உருள முடியாத ஜக்கின் தலை வாகனத்தின் அடியிலிருந்து வழுக்கும். எனவே வழுவழுப்பான சீமெந்துத் தரை இல்லாத இடத்துக்கு அது ஏற்றதல்ல.

மணலுக்குச் செய்ய வேண்டியது

மணல்மேல் வீடு கட்டியவனின் உவமையை நான் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். அதன் பொருள் ஜக் வைக்கும் நேரத்தில்தான் எனக்குச் சரியாக விளங்கியது. மீண்டும் ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். ஒரு வானின் முன்மூலையில் ஏறத்தாழ 400 கிலோ நிற்கிறது என்று கொள்வோம். ஜக்கின் அடி 10 சென்ரிமீற்றர் நீளம், 10 அகலம், அதாவது 100 சதுர சென்ரிமீற்றர். ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றருக்கும் 4 கிலோ அழுத்தம். இளக மணல் இதைத் தாங்காது. அதே ஜக்கின் கீழே ஓரடி நீளம், ஓரடி அகலமுள்ள பலகையை வையுங்கள். பரப்பு 900 சதுர சென்ரிமீற்றராகிறது. அழுத்தம் அரைக் கிலோவுக்கும் கீழே இறங்கிவிடும். ஒரு மனிதர் ஒற்றைக் காலில் நிற்பதும் ஏறக்குறைய இவ்வளவுதான். பாரம் குறையவில்லை, அது பரந்துவிட்டது. ஒன்றரை அடிப் பலகையானால் இன்னும் நல்லது.

பலகையின் தடிப்பைச் சிலர் கவனிப்பதில்லை. மெல்லிய பலகை நடுவில் வளையும், ஓரங்கள் மேலே எழும்பும், பாரம் மறுபடி நடுவிலுள்ள சிறு இடத்தில்தான் விழும். இரண்டு அங்குலத் தடிப்பாவது வேண்டும். அல்லது இரண்டு பலகையைக் குறுக்கும் நெடுக்குமாக ஒன்றன்மேல் ஒன்று வைக்கலாம். மீன் பெட்டிப் பலகை இதற்கு உதவாது.

பலகை வைக்குமுன் மேலேயுள்ள காய்ந்த மணலை மண்வெட்டியால் வழித்து எடுங்கள். அடியில் சற்று ஈரமான இறுகிய மணல் வரும். வராவிட்டால் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, அது சுவறிய பின் கட்டையால் நன்றாக இடியுங்கள். ஈர மணலில் துகளுக்குத் துகள் நீர் பிடித்திருப்பதால் அது காய்ந்த மணலைவிட உறுதியானது. கடற்கரையில் அலை நனைத்துப்போன இடத்தில் சைக்கிள் ஓடும், மேலே காய்ந்த இடத்தில் ஓடாது அல்லவா? ஆனால் சேறாகும்வரை ஊற்றக் கூடாது. பலகை மட்டமாக இருக்கிறதா என்று கண்ணால் மட்டும் பார்க்காமல் ஒரு போத்தலில் முக்கால் பங்கு தண்ணீர் விட்டுப் பலகையில் படுக்கவைத்துப் பாருங்கள். காற்றுக்குமிழ் நடுவில் நிற்கவேண்டும்.

தோட்டக் கிணற்றுக் கரையில் வாகனத்தைத் தூக்கக் கூடாது, கரை சரியும். இறைப்பு மெஷின் ஓடிக்கொண்டிருக்கும் இடத்துக்குப் பக்கத்திலும் வேண்டாம். அந்த அதிர்வில் மணல் தானாகவே இறங்கும். அரிசியை அளக்கும்போது கொத்தைத் தட்டினால் அரிசி இறங்குவதைப் போலத்தான்.

ஹேண்ட் பிரேக்கை நம்பலாமா?

"ஹேண்ட் பிரேக் போட்டாச்சு, கியரிலும் விட்டாச்சு, அது எங்கே போகப்போகிறது?" என்பவர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாக வாசிக்கவேண்டும். அநேக வாகனங்களில் ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின்சில்லு இரண்டையும் மட்டுமே. பின்பக்கத்தின் ஒரு சில்லைத் தூக்கினால், தரையில் மிஞ்சுவது பிரேக் உள்ள ஒரே சில்லு. பின்பக்கம் முழுவதையும் தூக்கினால் ஒன்றுமே மிஞ்சாது. முன்சில்லுகள் சும்மா உருளும்.

கியர் இதைவிட ஏமாற்றுக்காரன். பின் அச்சின் நடுவிலுள்ள பல்லுப் பெட்டி, வளைவில் திரும்பும்போது ஒரு சில்லு வேகமாகவும் மற்றது மெதுவாகவும் சுழல இடம் கொடுப்பதற்காகச் செய்யப்பட்டது. ஒரு சில்லு அந்தரத்தில் நின்றால், தரையிலுள்ள சில்லு உருளத் தொடங்கும்போது அந்தரத்துச் சில்லு எதிர்ப்புறமாகச் சுழன்று வழிவிடும். என்ஜின் அசையாது, வாகனம் ஓடும். முன்சில்லால் ஓடும் கார்களில் முன்பக்கத்தைத் தூக்கும்போதும் இதே கதைதான். பழைய லான்ட் றோவர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. அதன் ஹேண்ட் பிரேக் சில்லில் இல்லை, கியர்ப் பெட்டியின் பின்னாலுள்ள தண்டில் இருக்கிறது. ஒரு பின்சில்லைத் தூக்கிய மறுகணமே அந்த பிரேக்குக்கும் பிடி இல்லை.

ஆகவே தரையில் நிற்கும் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் அணைகட்டை வைக்கவேண்டும். தூக்கும் முனைக்கு எதிர்முனையிலுள்ள இரண்டு சில்லுக்கும் கட்டாயம். தேங்காய் மட்டையும் உருண்டைக் கல்லும் அணைகட்டை ஆகமாட்டா. நாலு அங்குலச் சதுரக் கட்டையைச் சரிவாக அறுத்தால் இரண்டு கிடைக்கும். மணலில் அவற்றை வெறுமனே வைக்காமல் கால் பங்கு புதைத்து, ரயரோடு ஒட்டி அறைந்துவிடுங்கள். பட்டாவில் சுமை இருந்தால் முதலில் இறக்குங்கள். வெங்காய மூட்டையோடு தூக்குவது வீண் துணிவு. சில்லு கழற்றுவதானால், தூக்குமுன் நட்டுகளை அரைச் சுற்று இளக்கிக்கொள்ளுங்கள். தூக்கிய பின் இறுகிய நட்டோடு மல்லுக்கட்டினால் அந்த இழுவை முழுவதையும் ஜக்தான் வாங்கும்.

ஜக்கின் தலை படும் இடம் எது? சிறு கார்களில் கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பில் இதற்கென ஒரு சிறு வெட்டு அடையாளம் இருக்கும். கடற்கரையில் வாழும் எங்களுக்கு அந்த இடமே முதலில் துருப்பிடித்து உக்கும் இடமாகவும் இருக்கிறது. வெளியே பெயின்ற் பளபளக்கும், உள்ளே அப்பளம். ஜக் அதை ஓட்டையாக்கிக்கொண்டு மேலே போகும், வாகனம் கீழே வரும். முதலில் ஸ்பனரின் பின்புறத்தால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. மொத்தென்று கேட்டால், அல்லது துருத்தூள் கொட்டினால், அந்த இடத்தை விட்டுச் செசிச் சட்டத்திலோ அச்சிலோ ஜக்கை வையுங்கள். ஒயில் சட்டியின் கீழும் கியர்ப் பெட்டியின் கீழும் வைக்கக் கூடாது. இரும்பு இரும்பின்மேல் வழுக்காமல் இருக்க, இடையில் ஒரு துண்டு மரம் நல்லது.

எதனால் தாங்குவது?

தூக்கியாயிற்று. இனித் தாங்கவேண்டும். எங்கள் பக்கத்தில் எவர் கையும் முதலில் போவது சீமெந்துக் கல்லுக்குத்தான். சீமெந்துத் தொழிற்சாலை உள்ள பாலாவிப் பக்கத்திலிருந்துகொண்டு சீமெந்துக் கல்லைக் குறை சொல்வது அழகல்ல என்றாலும் சொல்லியாக வேண்டும். சுவரில் இருக்கும்போது கல்லின் முழு முகத்திலும் பாரம் சமமாக இறங்குகிறது. அப்போது அது பலசாலி. அச்சின் ஒரு விளிம்பு அதன் நடுவில் ஒரு கோடாக அழுத்தும்போது அது பிளக்கிறது. துளையுள்ள கல்லானால் இன்னும் சீக்கிரம். மேலும் ஒரு மூட்டைச் சீமெந்தில் எத்தனை கல் அரிந்தார்கள் என்பது அரிந்தவருக்கும் ஆண்டவனுக்கும்தான் தெரியும். முருகைக்கல்லும் இப்படியே. ஒல்லாந்தர் 17ஆம் நூற்றாண்டில் முருகைக்கல்லாலும் சுண்ணாம்புக் கல்லாலும் கட்டிய கற்பிட்டிக் கோட்டை இன்றும் நிற்கிறதே என்று ஒருவர் என்னிடம் கேட்டார். கோட்டைச் சுவர் பல அடி அகலம், அதன் கீழே எவரும் படுப்பதுமில்லை. கல் வகைகளுக்கு ஒரு பொதுக் குணம் உண்டு. உடையுமுன் சத்தம் போடாது. மரம் அப்படியல்ல. நசுங்கும், முனகும், நார் நாராகக் கிழியும். வெளியே வர உங்களுக்கு நேரம் தரும்.

எனவே மரக்கட்டை அடுக்கைத்தான் நான் சிபாரிசு செய்கிறேன். பழைய றெயில் பாதைச் சிலிப்பர் கட்டை கிடைத்தால் அதைப்போல் வேறொன்றில்லை. இல்லாவிட்டால் முற்றிய பனை, வேம்பு, புளி எதுவானாலும் சரி. தென்னையில் வெளிப்புறத்து வைரப் பகுதி மட்டும் உதவும், நடுச்சோற்றி உதவாது. நாலு அங்குலச் சதுரத்தில் ஒன்றரை அடி நீளத் துண்டுகளாக அறுத்துக்கொள்ளுங்கள். அடியில் அகலப் பலகை, அதன்மேல் இரண்டு கட்டை இணையாக, அவற்றின்மேல் குறுக்காக இரண்டு, பிறகு மறுபடி நெடுக்காக இரண்டு. முனைகள் நாலு விரலளவு வெளியே நீட்டியிருக்கவேண்டும். விளிம்போடு விளிம்பாக அடுக்கினால் ஓரம் சிம்பாய்ப் பிளந்து கட்டை நழுவும். பாரம் கட்டைகள் ஒன்றையொன்று வெட்டும் இடங்களுக்கு மேலே இறங்கவேண்டும். இடிந்த கட்டடங்களில் வேலை செய்யும் மீட்புப் படையினர் அடிப்பக்க அகலத்தைப்போல் மூன்று மடங்கு உயரம்வரை இப்படி அடுக்குவார்கள். அவர்கள் பயிற்சி பெற்றவர்கள். எங்கள் மணலுக்கு ஒன்றரை மடங்கே எல்லை என்று வைத்துக்கொள்வோம். முற்றத்து வேலைக்கு அதற்கு மேல் உயரம் தேவைப்படுவதும் இல்லை.

காசு உள்ளவர்கள் இரும்பு ஸ்டாண்ட் ஒரு சோடி வாங்கலாம். அதுவும் பலகையின் மேல்தான் நிற்கவேண்டும். அதன் மூன்று அல்லது நாலு கால்கள் மணலில் ஆணிபோல் இறங்கும். வாங்கும்போது, குறுக்கே ஆணி செருகிப் பூட்டும் வகை கிடைத்தால் அதைத் தெரிவுசெய்யுங்கள். பல்லும் நாக்கும் கொண்டு பூட்டும் வகையானால் நாக்கு முழுவதும் பல்லுக்குள் இறங்கியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். 2020இல் அமெரிக்காவில் விற்கப்பட்ட 3 தொன், 6 தொன் ஸ்டாண்டுகள் பெருந்தொகையாகத் திருப்பி அழைக்கப்பட்டன. பாரம் அசைந்தால் நாக்கு பல்லிலிருந்து விடுபடலாம் என்பதே காரணம். புதிது என்பதற்காக நம்பிவிடவேண்டாம். உள்ளூர் வெல்டிங் கடையில் செய்வித்தால், கால்களைக் கீழே சுற்றிக் கம்பியால் இணைக்கச் சொல்லுங்கள். அப்போது அவை விரியமாட்டா.

ஜக்கை மெல்ல இளக்கி வாகனத்தின் பாரத்தைக் கட்டை அடுக்கின்மேலோ ஸ்டாண்டின்மேலோ இறக்கவேண்டும். பிறகு ஜக்கை மறுபடி சற்று உயர்த்தி, பாரம் எடுக்காமல் முட்டியபடி நிற்கவிடுங்கள். கழற்றிய சில்லைச் சும்மா வேலியில் சாய்த்து வைக்காமல் வாகனத்தின் விளிம்புக்குக் கீழே படுக்கவையுங்கள். எல்லாம் தவறினாலும் அந்தச் சில்லின் தடிப்பு மிஞ்சும், ஒரு மனிதரின் மார்புக்கு அந்த இடைவெளி போதலாம். அதன் பிறகு வெளியே நின்றபடி இடுப்பால் வாகனத்தை இரண்டு பக்கமும் நன்றாக இடித்துத் தள்ளிப் பாருங்கள். பயந்து பயந்து தொடவேண்டாம். விழவேண்டுமானால் நீங்கள் வெளியே நிற்கும்போதே விழட்டும். அடுத்த நாள் வேலையைத் தொடர்வதானால், இரவில் மழை பெய்ததா, பலகை சாய்ந்ததா என்று பார்த்து, அந்த இடித்துத் தள்ளலை மறுபடி செய்யுங்கள்.

ட்ரக்டரும் பெட்டியும்

நாலு சில்லு ட்ரக்டரின் முன் அச்சு நடுவில் ஒரே ஆணியில் ஆடும்படி பொருத்தப்பட்டது. மேடு பள்ளத்தில் நாலு சில்லும் தரையைத் தொடுவதற்காக இந்த ஏற்பாடு. இதனால் பின்பக்கத்தைத் தூக்கும்போது முன்பக்கம் பக்கவாட்டில் எந்த உறுதியும் தராது. முழு இயந்திரமும் நடுவிலுள்ள அந்த ஒற்றை ஆணியில் சாயும். தூக்குமுன் முன் அச்சுக்கும் மேலேயுள்ள சட்டத்துக்கும் இடையில் இரண்டு பக்கமும் மர ஆப்பு அறையவேண்டும். பெரிய ரயரில் பாரத்துக்காகத் தண்ணீர் நிரப்பியிருந்தால், அந்தச் சில்லை ஒருவர் தனியே கழற்ற முனையக் கூடாது. சாய்ந்தால் நிறுத்தமுடியாது.

கலப்பையையும் ரொட்டவேற்றரையும் தூக்கிப் பிடிக்கும் ஒயில் ஏற்பாட்டை ட்ரக்டரோடு இணைத்துப் பிரபலமாக்கியவர் அயர்லாந்தில் பிறந்த ஹரி பெர்குசன். எங்கள் மெஸி பெர்குசனின் பெயரில் பாதி அவருடையது. அந்த ஏற்பாடும் ஒரு ஜக்தான் என்பதை மறந்துவிடுகிறோம். ரொட்டவேற்றரின் கத்தியில் சிக்கிய புல்லை எடுக்க அதைத் தூக்கி நிறுத்திவிட்டுக் கீழே கை விடுகிறவர்கள் பலர். என்ஜினை நிறுத்தி, ரொட்டவேற்றரின் கீழே கட்டை வைத்து, அதன்மேல் இறக்கிய பிறகே கை போகவேண்டும். கொட்டும் பெட்டியும் அவ்வாறே. தூக்கிய பெட்டியின் கீழே கிறீஸ் அடிக்கப் போகிறவர் முதலில் பெட்டியை வெறுமையாக்கி, செசிக்கும் பெட்டிக்கும் இடையில் ஒரு தடித்த கட்டையை நிறுத்தவேண்டும். லான்ட்மாஸ்டர்காரர் அதிகம் பயப்படத் தேவையில்லை என்றாலும், அதன் பெட்டியைக் கழற்றும்போது முன்தண்டு மேலே எகிறாமலும் கீழே விழாமலும் முதலில் கட்டை கொடுங்கள்.

நடந்துவிட்டால்

யாராவது இப்படி இறந்தால் மரணவீட்டில் "விதி" என்பார்கள், "இறை சித்தம்" என்பார்கள். ஆறுதலுக்காகச் சொல்வதை நான் மறுப்பதில்லை. ஆனால் லூக்கா நற்செய்தியில் சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்த சம்பவம் பற்றிப் பேச்சு வரும்போது, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளாக இருந்ததால் இறந்தார்கள் என்ற எண்ணத்தை இயேசு ஏற்கவில்லை. கோபுரம் விழுவதற்குக் கோபுரத்திலேயே காரணம் இருந்திருக்கும். வானுக்கும் அப்படியே.

தனியே ஒருவர் கீழே போகக் கூடாது. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் பெரிய ஆள் ஒருவர் இருக்கவேண்டும். மனைவியோ தாயோ மகளோ யாராயிருந்தாலும் ஜக்கை இயக்கத் தெரிந்திருக்கவேண்டும். இதைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுங்கள். ஆள் அகப்பட்டுவிட்டால் இழுக்கவேண்டாம், உடலைக் கிழித்துவிடும். இன்னொரு ஜக்கைப் பலகையோடு வேறோர் உறுதியான இடத்தில் வைத்துத் தூக்குங்கள். ஓர் அங்குலம் உயர்ந்தால் ஓர் அங்குலத்துக்குக் கட்டை கொடுங்கள், மறுபடி விழாதபடி. பாரம் மார்பில் இருந்தால் ஒரு நொடியும் தாமதிக்கக் கூடாது, மூச்சுத்தான் முதலில் நிற்கும். ஜக் கிடைக்காவிட்டால் அயலவர் பத்துப் பேர் சேர்ந்து ஒரே நேரத்தில் ஒரு பக்கத்தை உயர்த்தட்டும், ஒருவர் கட்டை கொடுக்கட்டும். வெளியே எடுத்தவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்காதீர்கள். கழுத்து அசையாமல் படுக்கவையுங்கள். எழுந்து நடந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், உள்ளே இரத்தம் கசிவது வெளியே தெரியாது.

இலவச அம்புலன்ஸ் சேவையின் எண் 1990. 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி இப்போது நாடு முழுவதும் ஓடுகிறது. இந்தக் கரையில் வாழும் குடும்பங்களுக்கு அந்த எண்ணை மனப்பாடம் செய்விக்கத் தேவையில்லை. அந்த வருடம் எவருக்கும் மறக்காது. கூப்பிடும்போது வீதியின் பெயரோடு பக்கத்துப் பள்ளிவாசல், கோயில், பாடசாலை ஒன்றையும் சொல்லுங்கள். ஒருவரைப் பிரதான வீதிக்கு அனுப்பி நிற்கவிடுங்கள். மணல் ஒழுங்கைகளுக்குள் வீடு தேடுவது பகலிலேயே சிரமம்.

கடைசியாக, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தொகுதி தேவையில்லை. பத்து வீட்டுக்கு ஒன்று போதும். ஒன்றரை அடிப் பலகை நாலு, ஒன்றரை அடிக் கட்டை பதினாறு, அணைகட்டை நாலு, மர ஆப்பு ஆறு. முடிந்தால் ஸ்டாண்ட் ஒரு சோடி. உங்கள் சிறு குழுச் சேமிப்பிலிருந்தோ பள்ளிவாசல், கோயில் சங்கத்திலிருந்தோ செய்வித்து, எல்லாருக்கும் எட்டும் ஒரு வீட்டில் வையுங்கள். இரவல் கொண்டுபோகிறவர் கொப்பியில் பெயர் எழுதட்டும். கட்டைகளுக்கு ஒரு நிறம் பூசினால் எவரும் அடுப்பில் வைக்கமாட்டார்கள். பலகைகளின் ஓரத்தில் துளையிட்டுக் கயிறு கட்டிவிடுங்கள். வேலை முடிந்ததும் மணலுக்குள்ளிருந்து இழுத்தெடுக்க அது உதவும்.